பொறை யார் தோளில்?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த நண்பர் ஒரு நிபந்தனை போட்டார். சமயப் பொறை பற்றிப் பேச வேண்டும்; ஆனால் எல்லா நதியும் கடலில்தான் சேர்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த நிபந்தனைக்காகவே ஒப்புக்கொண்டேன். நதி கடலில் சேருமுன் அதன் நீருக்காக நடக்கிற வழக்குகள்தாம் எனக்குச் சுவையானவை. ஆகவே ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2001 செப்டம்பர் 23. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தன. நகர நிர்வாகம் யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில் ‘அமெரிக்காவுக்காக ஒரு பிரார்த்தனை’ என்று ஒரு கூட்டம் நடத்தியது. ஓப்ரா வின்ஃப்ரே தொகுத்து வழங்கினார். கத்தோலிக்கக் கர்தினால், யூத ரபிகள், இமாம், சீக்கியர், இந்து என்று பல சமயத்தாரும் மேடையேறினார்கள். டேவிட் பென்கே என்ற லூத்தரன் போதகரும் ஏறினார். சுருக்கமாகப் பிரார்த்தித்தார், இயேசுவின் பெயரால் முடித்தார், இறங்கினார்.

பென்கே சார்ந்திருந்தது மிசௌரி சினட் எனப்படும் லூத்தரன் திருச்சபை. அதன் அட்லாண்டிக் வட்டாரத்துக்கு அவர் தலைவர். ஆம்பூர், நாகர்கோவில் பக்கத்தவர்களுக்கு இந்த மிசௌரி பெயர் புதிதல்ல. 1895 முதல் அங்கிருந்து வந்த மிஷனரிகள் நடத்திய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கக்கூடும். அந்தச் சபைக்குள் பென்கேமீது புகார் கிளம்பியது. கிறிஸ்தவரல்லாதவர்களோடு ஒரே வழிபாட்டில் நின்றார், அதனால் கடவுள் ஒருவருக்கு மேல் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மேடையேறுமுன் சபையின் தலைவரிடம் அவர் அனுமதி பெற்றிருந்தார். அது உதவவில்லை. 2002 ஜூனில் அவரைப் பதவியிலிருந்து இடைநிறுத்தினார்கள். மேல்முறையீடு சென்று, 2003இல் சபையின் விசாரணைக் குழு அந்த உத்தரவை ரத்து செய்த பிறகுதான் பதவி திரும்பியது.

இதைப் படிக்கும்போது நமக்குச் சட்டென்று சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். எனக்கும் வந்தது. மூவாயிரம் பேர் இறந்து கிடக்கும் ஊரில் நாலு பேரோடு நின்று கைகூப்பியது குற்றமா? ஆனால் மிசௌரிக்காரர்கள் சொன்னதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். அந்த ரபியை வெறுக்கச் சொல்லி அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து ரத்ததானம் செய்யலாம், சோறு போடலாம், ஒரே தெருவில் வாழலாம். பிரார்த்தனை மட்டும் வேறு. அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அவரைப் பொறுத்தே அது பிரார்த்தனை ஆகிறது, நகரசபை வைத்த விழாவில் வரிசையெண் வாங்கிக்கொண்டு சொல்லும் பொருளல்ல என்றார்கள். நான் அவர்கள் கட்சியல்ல. ஆனாலும் அன்று மேடையில் இருந்த பலரைவிட, மேடைக்கு வர மறுத்த இந்தக் கடுமைக்காரர்கள் பிரார்த்தனையை அதிகம் பொருட்படுத்தினார்கள் என்று தோன்றுகிறது.

அதே கதை இன்னொரு முறையும் நடந்தது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்து நியூடவுனில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் புகுந்த ஒருவன் இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழித்து அதிபர் ஒபாமா கலந்துகொண்ட பல சமய அஞ்சலிக் கூட்டத்தில், அவ்வூரின் மிசௌரி சினட் போதகர் ஒருவர் ஆசி கூறி முடித்துவைத்தார். இறந்த குழந்தைகளில் ஒன்று அவர் சபைக் குழந்தை. சபைத் தலைமை அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவரும், தன் செயலால் மனம் நொந்தவர்களிடம் கேட்டார். நாடு முழுவதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, விஷயத்தைக் கையாண்ட முறைக்காகச் சபைத் தலைவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

தமிழில் ‘பொறை’ என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள், சுமை என்றும் பொருள். சமயப் பொறை என்று சொல்லும்போது நாம் முதல் பொருளை மட்டும் காதில் வாங்குகிறோம். அது சுமையும்தான். சுமை என்றால் அதைச் சுமக்க ஒரு தோள் வேண்டும். அரசு ஒரு பிரார்த்தனைக் கூட்டம் கூட்டினால், பத்திரிகையில் வரும் படத்தில் ஐந்து விதத் தலைப்பாகையும் அங்கியும் அழகாக நிற்கும். அரசின் பொறை என்று அதற்குத் தலைப்பிடுவார்கள். சுமை அரசின் தோளில் இருப்பது அபூர்வம். பென்கே சுமந்தார். நியூடவுன் போதகர் சுமந்தார். வேறு யார் யார் சுமக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இன்றைய என் வேலை.

அமெரிக்காவை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று அரசியல் சட்டத் திருத்தத்தின் முதல் வரியிலேயே எழுதிக்கொண்ட நாடு அது. சட்டமன்றம் முதல் ஊர் நிர்வாகக் கூட்டம் வரை ஜெபத்தோடு தொடங்கும் நாடும் அதுவே. இரண்டையும் ஒரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதால் அங்கே வழக்கு தீர்வதே இல்லை.

அதிபர் பதவியேற்பு மேடையில் மதகுரு ஏறிப் பிரார்த்திப்பது 1937இல் ரூஸ்வெல்ட்டின் இரண்டாம் பதவியேற்பிலிருந்து வழக்கமானது. 2001இல் ஜார்ஜ் புஷ் பதவியேற்றபோது, ஹூஸ்டனைச் சேர்ந்த மெதடிஸ்ட் போதகர் கிர்பிஜான் கால்டுவெல் இயேசுவின் பெயரால் பிரார்த்தித்து, இதற்கு உடன்படுகிறவர்கள் எல்லாரும் ஆமென் சொல்லுங்கள் என்றார். அவருடைய தேவாலயத்தில் ஞாயிறுதோறும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் அன்று எதிரே இருந்தது அவருடைய சபை அல்ல. யூதர், முஸ்லிம், இந்து, பௌத்தர், ஒன்றையும் நம்பாதவர் எல்லாரும் தங்கள் அதிபர் பதவியேற்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். உடன்படுகிறவர்கள் சொல்லுங்கள் என்று கேட்ட மாத்திரத்தில், வாய் திறக்காதவர்கள் எல்லாம் உடன்படாதவர்கள் ஆகிவிட்டார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. கோடு மட்டும் விழுந்தது. விமர்சனம் எழுந்தது. நான்கு ஆண்டு கழித்து அதே மேடைக்கு வந்தபோது, எல்லாச் சமயத்தாரையும் மதித்து இதைச் சொல்கிறேன் என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டார்.

ஒபாமா இந்த விஷயத்தில் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2007 பிப்ரவரியில் இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். அது அரசு விழா அல்ல, கட்சிக்காரர் கூட்டம். தொடக்கப் பிரார்த்தனைக்குத் தம்முடைய சொந்தப் போதகர் ஜெரமையா ரைட்டை அழைத்திருந்தார். முந்தைய நாள் இரவு தொலைபேசி போனது: மேடையில் வேண்டாம். ரைட்டின் பிரசங்கங்கள் காரசாரமானவை என்ற பேச்சு பத்திரிகைக்கு வந்துவிட்டிருந்தது. ரைட் மேடைக்குப் பின்னால், குடும்பத்தாரோடு மட்டும் பிரார்த்தித்தார். ஒரு மனிதரின் உண்மையான பிரார்த்தனை மேடைக்குப் பின்னால் போனதும், மேடைக்குத் தோதான பிரார்த்தனையைத் தேட வேண்டிவந்ததும் அந்த இரவில்தான் தொடங்கியது என்பேன்.

2009 ஜனவரி பதவியேற்புக்கு அவர் ரிக் வாரன் என்ற கலிபோர்னியா போதகரை அழைத்தார். சில வாரங்களுக்கு முன்னால்தான், ஒபாமா வென்ற அதே நாளில், ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாம் முன்மொழிவு கலிபோர்னியாவில் நிறைவேறியிருந்தது. அதற்கு ஆதரவு திரட்டியவர் வாரன். ஒபாமாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய ஒருபாலினத்தவர்கள் கொதித்துப்போனார்கள். உடன்படாதவர்களோடும் ஒன்றாக உட்காரத் தெரிய வேண்டும் என்பது ஒபாமா தரப்பின் பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ளது என்றுதான் ஒபாமாவும் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். ஆகையால் பெருந்தன்மைக்கான செலவு அவர் கணக்கில் விழவில்லை. திருமணம் மறுக்கப்பட்டவர்கள் கணக்கில் விழுந்தது.

அதைச் சரிக்கட்டவே என்று பலரும் எண்ணும்படி இன்னொரு அழைப்பு போனது. எபிஸ்கோப்பல் திருச்சபையில் ஒருபாலினத்தவர் என்பதை மறைக்காமல் வாழ்ந்து ஆயரான ஜீன் ராபின்சன், பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னதாக லிங்கன் நினைவு மண்டபத்தில் நடந்த இசைவிழாவின் தொடக்கத்தில் பிரார்த்தித்தார். முந்தைய பதவியேற்புப் பிரார்த்தனைகளைத் தேடிப் படித்துவிட்டு, அவற்றின் அடாவடியான கிறிஸ்தவத் தொனி கண்டு திகைத்ததாகச் சொன்னவர் அவர். அதனால் தம் பிரார்த்தனையில் எந்த ஒரு மதத்தின் பெயரையும் வைக்கவில்லை. விழாவை ஒளிபரப்பிய எச்.பி.ஓ.வில் அந்தப் பிரார்த்தனை வரவேயில்லை. தவறு எங்களுடையது என்று விழாக்குழு ஒப்புக்கொண்டது. வாரனோ இரண்டு நாள் கழித்து உலகமே பார்க்கப் பிரார்த்தித்தார்; இயேசுவின் பெயரை ஈப்ரு, அரபு, ஸ்பானியம், ஆங்கிலம் என்று நான்கு ஒலிப்பில் சொல்லி முடித்தார். நான்கு மொழியில் சொன்னாலும் பெயர் ஒன்றுதான் என்பதை அவரும் அறிவார், கேட்டவர்களும் அறிவார்கள்.

2013இல் இரண்டாம் பதவியேற்பு. லூயி கிக்லியோ என்ற போதகர் அழைக்கப்பட்டார். 1990களின் நடுவில் அவர் ஒருபாலினத்தவர் பற்றிச் செய்த பிரசங்கத்தின் ஒலிப்பதிவு வெளியே வந்தது. அவர் விலகிக்கொண்டார். நான்கு ஆண்டுக்கு முன் வாரனுக்குக் கிடைத்த பெருந்தன்மை இவருக்குக் கிடைக்கவில்லை. இடையில் மாறியது இறையியலா, வாக்குக் கணக்கா? கொள்கை என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் அழைப்பிதழ் என்பது காற்றடிக்கும் திசையில்தான் அச்சாகிறது. அன்று தொடக்கப் பிரார்த்தனை செய்தவர் மதகுருவே அல்ல: 1963இல் மிசிசிப்பியில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸின் மனைவி மிர்லி எவர்ஸ்-வில்லியம்ஸ். இத்தனை ஆண்டுப் பட்டியலில் என் மனத்தில் தங்கிய தேர்வு அது ஒன்றுதான்.

‘சர்ச்சைக்குரிய மதகுரு’ என்ற தொடரைப் பத்திரிகைகள் இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் எழுதுகின்றன. முதல் ஆளே அப்படித்தான். 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவின் தச்சர் மன்றத்தில் குடியேற்றங்களின் முதல் காங்கிரஸ் கூடியது. பிரார்த்தனையோடு தொடங்கலாம் என்றார் ஒருவர். நியூயார்க்கின் ஜான் ஜேயும் தென் கரோலினாவின் ரட்லெட்ஜும் எதிர்த்தார்கள். இங்கே எத்தனை சபைக்காரர்கள் இருக்கிறோம், எப்படி ஒரே வழிபாட்டில் சேர முடியும் என்பது அவர்கள் கேள்வி. அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்போது பாஸ்டனின் சாமுவேல் ஆடம்ஸ் எழுந்தார். தூய்மைவாத மரபில் ஊறியவர். ஆங்கிலிக்கன் திருச்சபை என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். நான் குறுகிய மனக்காரன் அல்ல. பக்தியும் ஒழுக்கமும் நாட்டுப்பற்றும் உள்ள எவர் பிரார்த்தித்தாலும் கேட்பேன் என்று சொல்லி, ஜேக்கப் டுஷே என்ற ஆங்கிலிக்கன் குருவையே முன்மொழிந்தார்.

பாஸ்டன்மீது பீரங்கி சுடுகிறார்கள் என்ற வதந்தி அப்போது நகரெங்கும் பரவியிருந்தது. மறுநாள் காலை டுஷே அன்றைக்குரிய முப்பத்தைந்தாம் சங்கீதத்தை வாசித்தார். பகைவரிடமிருந்து காக்கச் சொல்லி முறையிடும் சங்கீதம். பிறகு நூலை மூடிவிட்டுத் தாமாகப் பிரார்த்தித்தார். கேட்டவர்கள் உருகினார்கள் என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். சாமுவேல் ஆடம்ஸ் அன்று செய்ததுதான் பொறை: அழைத்தவரே சுமந்தார், தமக்குப் பிடிக்காத சபையின் குருவைத் தாமே கூப்பிட்டு, அவர் எதிரே தாமே உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததைப் பள்ளிப் பாடங்கள் சொல்வதில்லை. 1777இல் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்ததும் டுஷே கைதாகி விடுதலையானார். அந்த அக்டோபரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நீண்ட கடிதம் எழுதினார்: சுதந்திரப் பிரகடனத்தைத் திரும்பப் பெறச் செய்யுங்கள். வாஷிங்டன் அதை அப்படியே காங்கிரசுக்கு அனுப்பிவைத்தார். நாட்டின் முதல் பிரார்த்தனையைச் சொன்னவர் துரோகி ஆனார், இங்கிலாந்துக்குப் போனார், 1792இல்தான் திரும்பினார்.

1860 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையில் முதன்முறையாக ஒரு யூத ரபி பிரார்த்தித்தார்: மோரிஸ் ரஃபால். பிரார்த்தனைச் சால்வை போர்த்தி வந்த அவரைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு, காலம் மாறியது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. பதினோரு மாதம் கழித்து, உள்நாட்டுப் போர் வாசலில் நிற்கும்போது, அதிபர் புக்கானன் அறிவித்த தேசிய உபவாச நாளில், அதே ரஃபால் நியூயார்க்கில் பிரசங்கித்தார்: வேதம் அடிமை முறையை அனுமதிக்கிறது என்று. சமயப் பொறையின் சின்னமாக மேடையேறியவர், அடிமை முறை ஆதரவாளர்களின் மேற்கோள் ஆனார். டேவிட் ஐன்ஹார்ன் என்ற இன்னொரு ரபி அதை எதிர்த்து எழுதினார். பால்டிமோர் கும்பலுக்கு அஞ்சி அவர் ஊரைவிட்டே ஓட வேண்டிவந்தது. அரசு மேடைக்கு ஒரு குருவை அழைக்கும்போது அவர் மதத்தைத்தான் அழைக்கிறோம் என்று நினைக்கிறோம். வருகிறவர் ஒரு மனிதர். அவருக்கு நேற்றும் இருக்கும், நாளையும் இருக்கும்.

இந்தச் சிக்கலை முன்பே பார்த்தவர் ஜேம்ஸ் மேடிசன். அதிபர் பதவியிலிருந்து இறங்கிய பின் அவர் எழுதிவைத்த குறிப்புகளில், காங்கிரசுக்கு அரசுச் சம்பளத்தில் குருவை நியமிப்பதே தவறு என்றார். பெரும்பான்மைதான் குருவைத் தேர்ந்தெடுக்கும். கத்தோலிக்கக் குரு ஒருவர் அந்த இடத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். உறுப்பினர்களுக்கு வழிபாடு வேண்டுமானால், அவர்களுக்கு வாக்களித்த மக்களைப் போலவே தங்கள் கைக்காசைப் போட்டு நடத்திக்கொள்ளட்டும் என்றார். அந்தக் குறிப்புகள் முழுமையாக அச்சேறியது 1946இல்தான்.

பிரார்த்தனையைக் கைவிடாத அரசுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பிரார்த்தனையைச் சலவை செய்வது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் ராபர்ட் பால்மர் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் 1965 முதல் பிரார்த்தித்துவந்தார். மாதச் சம்பளம் 319 டாலர் 75 சென்ட். யூத உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்ததும், 1980க்குப் பிறகு கிறிஸ்துவின் பெயரை விட்டுவிட்டார். எர்னி சேம்பர்ஸ் என்ற உறுப்பினர் தொடுத்த வழக்கில், 1983இல் உச்ச நீதிமன்றம், இது பழைய வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றது. ரோட் ஐலண்டில் ஒரு பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு ரபியை அழைத்தபோது, பள்ளி நிர்வாகம் பிரார்த்தனையை எப்படி அமைக்க வேண்டும் என்ற வழிகாட்டிக் கையேட்டையே அவர் கையில் கொடுத்தது. வழக்குத் தொடுத்த குடும்பமும் யூதக் குடும்பம்தான் என்பது கவனிக்க வேண்டியது. 1992இல் நீதிமன்றம் அந்தப் பிரார்த்தனையைத் தடுத்தது. அரசு அதிகாரி கையேட்டைப் பார்த்து, இந்தத் தெய்வப் பெயர் ஆகும், இது ஆகாது என்று திருத்துவதைவிடப் பிரார்த்தனைக்குப் பெரிய அவமானம் இருக்க முடியாது. உப்பில்லாப் பத்தியச் சோறு எல்லாருக்கும் பொதுவானதுதான். விருந்து என்று அதைப் பரிமாற முடியாது.

இன்னொரு வழி, வருகிறவர் எதையும் சொல்லட்டும் என்று விடுவது. அதைத்தான் கிரீஸ் என்ற ஊரின் வழக்கு தீர்மானித்தது. ஐரோப்பாவின் கிரீஸ் அல்ல. நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டருக்குப் பக்கத்தில் சுமார் 94,000 பேர் வாழும் ஊர். 1999 முதல் ஊர் நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டம் உள்ளூர் குரு ஒருவரின் பிரார்த்தனையோடு தொடங்கியது. 2007 வரை வந்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஒரு யூதப் பெண்ணும் கடவுள் நம்பிக்கையற்ற ஒரு பெண்ணும் ஆட்சேபித்த பிறகு ஒரு யூதர், ஒரு பஹாய், விக்கா என்ற சமயத்தின் பூசாரிணி ஒருவர் ஆகியோருக்கு இடம் கிடைத்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஊர் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வளர்ந்தவர்கள் தங்களுக்குப் பிடிக்காத பேச்சைக் கேட்கப் பழகியவர்கள்தாம் என்றார் நீதிபதி கென்னடி.

எதிர்த்தீர்ப்பு எழுதிய எலினா ககன் ஒரு காட்சியை வரைந்து காட்டினார். ஒரு முஸ்லிம் குடிமகள் அந்தக் கூட்டத்துக்கு வருகிறாள். அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. தெருவில் போக்குவரத்து விளக்கு வேண்டும் என்றோ, வீட்டுக்கு அனுமதி வேண்டும் என்றோ. மனுவோடு முறை வரக் காத்திருக்கிறாள். அப்போது குரு எழுந்து, அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்து, எல்லாரும் சேர்ந்து பிரார்த்திப்போம் என்கிறார். இப்போது அவள் என்ன செய்வாள்? தலை குனிந்தால் தன் நம்பிக்கைக்குப் பொய். எழுந்து வெளியே போனால், அல்லது எனக்கு வேண்டாம் என்றால், அவளுடைய மனுவைப் பார்க்கப்போகிற ஐந்து பேரும் அதைக் கவனித்துவிடுவார்கள். சட்டமன்றத்தில் பிரார்த்தனை உறுப்பினர்களுக்கு. இங்கே அது கைகட்டி நிற்கிற மனுதாரருக்கு. ககனின் இந்த வேறுபாட்டை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

காரணம் உண்டு. நான் படித்த பள்ளியில் காலை வழிபாட்டின்போது கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்வோம். எனக்கு அது பாட்டுப்போலத்தான். கை கூப்பிக்கொள்வேன், கடைசியில் ஆமென் சத்தமாகச் சொல்வேன். பக்கத்தில் நின்ற பையன் முஸ்லிம். அவன் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வான். யாரும் அவனைத் திட்டியதில்லை; ஆசிரியர்கள் நல்லவர்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் அவன் கை மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பல ஆண்டு கழித்து ககனின் எதிர்த்தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது.

ஆனாலும் ககன் சொன்ன மருந்து எனக்குப் போதவில்லை. பல சமயத்தாரையும் முறைவைத்து அழையுங்கள், அல்லது பொதுவான சொற்களில் பிரார்த்திக்கச் சொல்லுங்கள் என்றார். இரண்டாவது மருந்தின் ருசியைப் பார்த்துவிட்டோம். முதல் மருந்து என்ன ஆகும் என்பதற்கு 2007 ஜூலையில் நடந்ததே சாட்சி. அமெரிக்க செனட்டில் முதன்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை. நெவாடாவிலிருந்து வந்த ராஜன் செட் காயத்ரி மந்திரத்தைச் சொல்ல எழுந்தார். பார்வையாளர் மாடத்திலிருந்து மூன்று பேர் கூச்சலிட்டார்கள். இந்த அருவருப்பை அனுமதித்ததற்காக எங்களை மன்னியும் என்று அவர்களும் கடவுளிடம்தான் கேட்டார்கள். காவலர்கள் அவர்களைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். ஒரு பிரார்த்தனை நடக்க மற்றொரு பிரார்த்தனையைக் காவல்துறை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 2000 செப்டம்பர் 14 அன்று, பிரதமர் வாஜ்பாயி அமெரிக்கக் காங்கிரசில் உரையாற்றிய நாளில், ஒஹையோ மாநிலத்துப் பார்மா ஊர்க் கோயில் அர்ச்சகர் ஒருவர் பிரதிநிதிகள் சபையில் பிரார்த்தித்திருக்கிறார். விருந்தாளி வீட்டில் இருக்கும்போது கூச்சல் போடுவதில்லை போலும்.

2016இல் ஃபுளோரிடாவின் பென்சகோலா நகர மன்றத்தில் சாத்தானியக் கோயில் என்ற அமைப்பைச் சேர்ந்தவர் தம் முறைக்கு வந்தார். கூடியிருந்தவர்கள் கர்த்தரின் ஜெபத்தை உரக்கச் சொல்லி அவர் குரலை அமுக்கப் பார்த்தார்கள், போலீஸ் வந்தது. அதே ஆண்டு அரிசோனாவின் பீனிக்ஸ் நகர மன்றம், அந்த அமைப்புக்கு முறை வந்துவிடும் என்றதும், பிரார்த்தனைக்குப் பதில் மௌனம் என்று தீர்மானம் போட்டது. சாத்தானுக்குப் பயந்து மேடிசனிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

இதுவரை நான் குடிமக்கள் தோளில் விழுந்த சுமைகளைச் சொன்னேன். திசை மாறிய நாளும் உண்டு. 2025 ஜனவரி 21, வாஷிங்டன் தேசியப் பேராலயம். பதவியேற்புக்கு மறுநாள் நடக்கும் வழிபாட்டில் எபிஸ்கோப்பல் ஆயர் மேரியன் பட்டி அருளுரை ஆற்றினார். முன்வரிசையில் இருந்த அதிபர் டிரம்ப்பை நேராகப் பார்த்து, அஞ்சிக்கொண்டிருக்கும் குடியேறிகளிடமும் பால்புதுமைக் குழந்தைகளிடமும் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிபர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆயர் கேட்கவில்லை. எனக்கு அந்த உரை பிடித்திருந்தது. பிடித்ததாலேயே என்னை நான் சந்தேகிக்க வேண்டியிருந்தது. 1996 ஜனவரியில் கான்சாஸ் சட்டமன்றத்தில் ஜோ ரைட் என்ற போதகர், நாடு செய்த பாவங்கள் என்று தாம் கருதியவற்றை வரிசையாக அடுக்கிப் பிரார்த்தித்தார், கருக்கலைப்பு உட்பட. ஓர் உறுப்பினர் எழுந்து வெளியே போனார். அந்தப் பிரார்த்தனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரும் ஆள்கிறவர்களைப் பார்த்துத்தான் பேசினார். மனுவோடு நின்ற பெண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பட்டியை ஏற்றுக்கொண்டு ஜோ ரைட்டைத் தள்ளிவிட எனக்கு நியாயமான வழி எதுவும் தெரியவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் கசப்பைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்குத்தான் அவருக்கு நாற்காலி.

இன்னும் ஒரு காட்சி பாக்கி. ஆண்டுதோறும் மே முதல் வியாழனன்று அங்கே தேசியப் பிரார்த்தனை நாள். 2010இல் ராணுவத் தலைமையகமான பென்டகனின் நிகழ்ச்சிக்கு பிராங்ளின் கிரஹாம் அழைக்கப்பட்டார். புகழ்பெற்ற பில்லி கிரஹாமின் மகன். 2001 தாக்குதலுக்குப் பிறகு இஸ்லாத்தைத் தீய மதம் என்று சொன்னவர். பிறகும் அதை விட்டுக்கொடுக்காதவர். பென்டகனில் முஸ்லிம் ஊழியர்களும் வேலை செய்கிறார்கள். முஸ்லிம் வீரர்கள் அப்போது ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் அதே சீருடையில் இருந்தார்கள். எதிர்ப்பு வந்தது. ராணுவம் ஏப்ரலில் அழைப்பைத் திரும்பப் பெற்றது.

மே 6 காலையில் அவர் எப்படியும் வந்தார். கட்டடத்துக்குள் போகவில்லை. வெளியே நடைபாதையில் சிலரோடு நின்று தலை குனிந்து பிரார்த்தித்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, கைதுசெய்யவில்லை. யாரும் அவருக்காக எழுந்து நிற்க வேண்டியிருக்கவுமில்லை. உள்ளே ஊழியர்கள் அவரவர் மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.